கடன் காசு யார் கைக்குப் போச்சு? பேராசிரியர்கள் கேட்கும் கேள்வி

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன மாசம் நம்ம ஆரணிப் பக்கத்துல மூணு ஊருக்குக் கையில டேப் வச்சுக்கிட்டு சில பொண்ணுங்க வந்தாங்க. வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டாங்க. எவ்வளவு கடன் இருக்கு, யார்கிட்ட வாங்கினீங்க, டீக்கு எவ்வளவு செலவாகுது, வீட்டுக்காரருக்குத் தெரியாம காசு வச்சிருக்கீங்களா என்று எல்லாமே கேட்டிருக்காங்க. அவங்க போன பிறகு உங்கள்ல பல பேர் எங்களுக்குப் போன் பண்ணினீங்க. "மேடம், இது ரேஷன் கார்டை வெட்டறதுக்கா? குழுக் கடன் நின்னுடுமா? இவ்ளோ கேட்டுட்டுப் போறாங்களே, இதை வச்சு என்ன செய்வாங்க?" என்று கேட்டீங்க. போன்ல ரெண்டு வார்த்தையில சொல்ல முடியாத விஷயம். அதனாலதான் இந்தக் கூட்டத்துல இதையே பேசலாம்னு முடிவு பண்ணினோம்.

முதலில் ஒன்று. கணக்கெடுக்க வருகிற எல்லாரும் ஒரே ஆள் இல்லை. அரசாங்கத்தில் இருந்து வருவாங்க, கடன் கொடுக்கும் கம்பெனியில் இருந்து வருவாங்க, பல்கலைக்கழகத்தில் இருந்தும் வருவாங்க. இன்றைக்கு நாம் பேசப்போவது மூன்றாவது ஆட்களைப் பற்றி. அவர்களை அனுப்புவது பொருளாதாரப் பேராசிரியர்கள். பொருளாதாரம் என்றால் பட்ஜெட், டாலர், பங்குச்சந்தை, நமக்கு என்ன சம்பந்தம் என்று நினைப்போம். ஆனால் இருபது, இருபத்தைந்து வருஷமாக உலகத்தில் பெரிய பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள் உட்கார்ந்து யோசிக்கிற கேள்வி எதுவென்றால், மகளிர் குழுவில் வாங்கின பத்தாயிரம் ரூபாய் என்ன ஆச்சு என்பதுதான். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை.

அதுவும் எங்கேயோ வெளிநாட்டில் மட்டும் நடப்பது இல்லை. ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்கள் பட்டுப்புடவை ஆரணியா என்று கேட்பார்கள். நாம் பெரியபாளையத்துப் பக்கத்து ஆரணி. இங்கிருந்து புதுவாயல் போய் கல்கத்தா ரோட்டில் ஏறினால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் ஆந்திரா, தடா, ஸ்ரீசிட்டி. நம்ம வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போகிற அதே ஸ்ரீசிட்டிதான். அங்கே கம்பெனிகளுக்கு நடுவில் கிரியா என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2018-ல் தொடங்கியது. அதற்குள் ஒரு மேலாண்மைப் பள்ளி, அதாவது எம்.பி.ஏ. சொல்லிக்கொடுக்கிற கல்லூரி. அதன் பெயர் ஐ.எஃப்.எம்.ஆர். இது புதிது இல்லை, 1970-லேயே சென்னையில் ஆரம்பித்த நிறுவனம். பிறகு ஸ்ரீசிட்டிக்கு வந்து கிரியாவோடு சேர்ந்தது. 2007-ல் இந்த ஐ.எஃப்.எம்.ஆரில்தான் ஜே-பால் என்கிற ஆராய்ச்சி அமைப்பின் தெற்காசிய அலுவலகம் தொடங்கியது. ஜே-பாலை 2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் ஆரம்பித்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ என்கிற அம்மா, செந்தில் முல்லைநாதன். மூன்றாவது பெயரைக் கேட்டீங்களா, நம்ம தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து சின்ன வயசில் அமெரிக்கா போனவர். பானர்ஜிக்கும் டஃப்லோவுக்கும், அவர்களோடு மைக்கேல் கிரெமர் என்பவருக்கும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

மேலாண்மைப் பள்ளியில் பொருளாதாரப் பேராசிரியருக்கு என்ன வேலை என்று ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. பாடம் நடத்துவது பாதி வேலைதான். மீதி நேரத்தில் ஆளுக்கு ஒன்றிரண்டு கேள்வியை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதையே துருவிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் கடன் வட்டி, ஒருத்தர் பெண்களின் கூலி, இன்னொருத்தர் பள்ளிக்கூடம். அதைத்தான் அவருடைய ஆராய்ச்சி ஆர்வம் என்று சொல்வார்கள். கல்லூரியில் அவர் பெயருக்குக் கீழேயே எழுதிப் போட்டிருக்கும். முகமது யூனுஸ் தெரியும்தானே, நம்ம முதல் பயிற்சியிலேயே அவர் கதையைச் சொல்லுவோம். அவரும் பங்களாதேஷில் சிட்டகாங் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர்தான். 1976-ல் பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குச் சொந்தக் காசில் 27 டாலர் கடன் கொடுத்துத்தான் கிராமீன் வங்கிக்கு விதை போட்டார். அவர் கடன் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள், அந்தக் கடனால் என்ன ஆச்சு என்று பார்க்க வந்தார்கள்.

எப்படிப் பார்க்கிறார்கள்? இது கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். கடன் வாங்கின பத்துப் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடனால் நன்றாக ஆனார்களா, அல்லது ஏற்கெனவே கெட்டிக்காரியாக, தைரியசாலியாக இருந்ததால்தான் கடன் வாங்கினார்களா? நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற வழி குலுக்கல். நாம் ஏலச்சீட்டு இல்லாமல் குலுக்கல் சீட்டு போடுவோமே, அதே மாதிரி. 2005-ல் ஐதராபாத்தில் ஸ்பந்தனா என்கிற கடன் கம்பெனி புதிதாகப் போகலாம் என்றிருந்த 104 குடிசைப் பகுதிகளை எடுத்தார்கள். ஒரே மாதிரி இருக்கிற பகுதிகளை ரெண்டு ரெண்டாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அந்த 52 பகுதியில் மட்டும் கம்பெனி கடன் கொடுக்க ஆரம்பித்தது. மற்ற 52-ல் அப்போதைக்கு இல்லை. ஒன்றரை வருஷம் போல கழித்து ரெண்டு பக்கமும் போய் வீடு வீடாகக் கேட்டார்கள். வித்தியாசம் இருந்தால், அது கடனால் வந்த வித்தியாசம்.

அந்தக் கடன் நமக்குப் புதுசு இல்லை. ஆறிலிருந்து பத்துப் பெண்கள் ஒரு குழு, முதல் கடன் 10,000 ரூபாய், வாரா வாரம் 50 வாரம் கட்டணும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. வட்டி 12 சதவீதம் என்று சொல்லுவார்கள். ஆனால் கட்டக் கட்ட அசல் குறையுமே, அதைக் கணக்கில் எடுக்காமல் முழுத் தொகைக்கும் போட்ட வட்டி. சரியாகக் கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு 24 சதவீதம் வருது. இந்த ஒரு கணக்கை ஒவ்வொரு குழுவும் போட்டுப் பார்க்கணும். இன்றைக்கும் வாசலில் வந்து "ஃபிளாட் ரேட்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, என்ன தெரிந்தது? ஏற்கெனவே சின்ன வியாபாரம் வைத்திருந்தவர்கள் அதைப் பெருசாக்கினார்கள். தையல் மிஷின், டி.வி. மாதிரி நின்று உழைக்கிற பொருள் வாங்குவது கூடியது. டீ, வெற்றிலை பாக்கு, புகையிலை மாதிரி செலவு குறைந்தது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டின் மொத்தச் சாப்பாட்டுச் செலவில், பிள்ளைகள் படிப்பில், உடம்பு நலத்தில், வீட்டில் பெண் எடுக்கிற முடிவில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. இந்த ஆய்வு 2015-ல் வெளியானது. அதே சமயத்தில் மெக்சிகோ, மொராக்கோ, எத்தியோப்பியா, மங்கோலியா, போஸ்னியா என்று இன்னும் ஐந்து நாட்டு ஆய்வுகளும் வந்தன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதை. கொஞ்சம் நல்லது நடக்குது, ஆனால் வாழ்க்கையே தலைகீழாக மாறிவிடவில்லை.

இதைப் படித்தபோது எங்களுக்கு மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. மேடைக்கு மேடை "கடன் வாங்கினால் பெண் முன்னேறுவாள்" என்று பேசுகிற கூட்டம் நாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம்ம குழுக்களில் நாம் பார்ப்பதும் இதுதானே? கடன் மட்டும் வாங்கி ஒருத்தி முன்னேறியதை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. சேமிப்பு, வாரக்கூட்டம், கணக்கு எழுதக் கத்துக்கிட்டது, பேங்க் மேனேஜர் முன்னால் நின்று பேசினது, கிராம சபையில் தண்ணீருக்குச் சண்டை போட்டது, இதெல்லாம் சேர்ந்துதான் ஆளை மாற்றுது. ஐதராபாத்தில் பார்த்தது கம்பெனிக் கடனை. அதில் சேமிப்பும் இல்லை, கூட்டமைப்பும் இல்லை. அந்த முடிவை அப்படியே நம்ம குழுவுக்குப் போட்டுப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. அதே நேரம் அதைத் தூக்கிப் போடவும் கூடாது.

கடனே வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. 2010 அக்டோபரில் ஆந்திராவில் கம்பெனிகளின் அடாவடி வசூல் தாங்காமல் அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டது. அங்கே கடன் கொடுத்திருந்த கம்பெனிகள் காசு திரும்ப வராமல் மற்ற மாநிலங்களிலும் கடனைக் குறைத்துவிட்டன. எமிலி பிரேசா என்கிற பேராசிரியர், முன்பு அமெரிக்காவில் கொலம்பியா மேலாண்மைப் பள்ளியில் இருந்தவர், இன்னொரு பேராசிரியரோடு சேர்ந்து அதன் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தார். எந்த மாவட்டத்தில் கடன் அதிகமாக நின்றதோ அங்கே கூலி வேலைக்காரர்களின் கூலியும் குறைந்திருக்கிறது. கடனே வாங்காதவருக்கும் அடி. ஏனென்றால் கடன் நின்றால் கடைகாரர் ஆள் வைக்க மாட்டார், வீடு கட்டுகிறவர் நிறுத்திவிடுவார்.

அடுத்தது கோயம்பேடு. நம்ம பக்கத்துக் காய்கறியும் பூவும் போகிற ஊர்தான். அங்கே காய், பழம் வைத்து விற்கிறவர்கள் தண்டல் வாங்குவதை செந்தில் முல்லைநாதனும் அவரோடு இருந்தவர்களும் பார்த்தார்கள். காலையில் வாங்கி சாயங்காலம் கொடுக்கிற காசு, நூற்றுக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் அளவுக்கு வட்டி. கணக்கை நாமே போடுவோம். காலையில் 1,000 ரூபாய் தண்டல் வாங்கிச் சரக்கு எடுக்கிறாள். 1,100-க்கு விற்கிறாள். 50 ரூபாய் வட்டி போச்சு, கையில் 50. இவள் தினம் ஒரு 5 ரூபாயை மட்டும் எடுத்து வைத்து, மறுநாள் அந்த அளவுக்குத் தண்டலைக் குறைத்து வாங்கினால் என்ன ஆகும்? மிச்சமாகிற வட்டியையும் சேர்த்துச் சேர்த்து வைத்தால் ஐம்பதே நாளில் தண்டலே வேண்டாம். முழு 100 ரூபாயும் அவளுக்கு. பல வருஷமாக வியாபாரம் பண்றவங்க ஏன் இதைச் செய்யவில்லை?

"அவங்களுக்குக் கணக்குத் தெரியாது" என்று படித்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்தம்மாக்களுக்குத் தெரியாத கணக்கா! சரி, பழைய கடன்தான் கழுத்தைப் பிடிக்குதோ என்று, குலுக்கலில் வந்தவர்களின் கடனை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதைச் செய்து பார்த்தார்கள். கடன் அடைந்தவர்களில் பெரும்பாலானோர் ஆறே வாரத்தில் மறுபடி கடனில் விழுந்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில், உதவி கிடைக்காதவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2019-ல் இதை வெளியிட்ட மூன்று பேருமே, முல்லைநாதன், டீன் கார்லன், பெஞ்சமின் ராத், அப்போது மேலாண்மைப் பள்ளிகளில் இருந்தவர்கள்.

ஏன் திரும்ப விழுந்தார்கள் என்பதற்கு நீங்கள் ஆளுக்கு ஒரு பதில் சொல்வீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மச்சினன் கல்யாணத்துக்கு மொய், மழையில் சரக்கு அழுகிப் போச்சு. கடன் அடைந்ததே தவிர, அடுத்த அடி விழுந்தால் தாங்க ஒரு பை காசு அவர்களிடம் இல்லை. எங்களுக்கு இதில் தெரிவது நம்ம சேமிப்பின் அருமைதான். "மாசம் நூறு ரூபாய் சேமிச்சு என்ன ஆகப் போகுது" என்று சில குழுக்கள் அலுத்துக்கொள்கின்றன. காய்ச்சல் வந்த ராத்திரி தண்டல்காரரிடம் போகாமல் உள்கடனில் ரெண்டாயிரம் எடுக்க முடிந்தால், அதுதான் ஆகப் போவது.

இன்னொரு ஆய்வும் இதோடு சேர்த்துச் சொல்லணும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமத்தில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் காசு. ஒரே ஆளுக்கு வெட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, புதிர் மாதிரி சில சோதனை வைத்தார்கள். வெட்டுக்கு முன்னால், அடகுச் சீட்டும் கடனும் கையில் இருக்கிற நேரத்தில், அதே ஆள் குறைவாகச் செய்தார். காசு வந்த பிறகு நன்றாகச் செய்தார். 2013-ல் ஆனந்தி மணியும் முல்லைநாதனும் மற்ற ரெண்டு பேரும் இதை எழுதினார்கள். கவலை மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு அமெரிக்காவில் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் வேறு சிலர் சோதித்தபோது அப்படி வித்தியாசம் வரவில்லை. அதனால் பேராசிரியர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. இருந்தாலும் எங்கள் வேலைக்கு இது ஒரு பாடம். தவணை நாளன்று காலையில் வந்து ஒரு உறுப்பினரிடம் காப்பீட்டு பாரம் நிரப்பச் சொன்னால் அவர் மனசு அதில் எங்கே இருக்கும்?

இப்போது தலைப்புக்கு வருகிறோம். கடன் காசு யார் கைக்குப் போச்சு?

இலங்கையில் தெற்குப் பக்கம் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் 2005-லிருந்து ஒரு ஆய்வு நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுரேஷ் டி மெல்லும் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ரெண்டு பேரும் செய்தது. சின்னச் சின்ன வியாபாரம் செய்கிற ஆண், பெண் ரெண்டு பேரையும் எடுத்து, குலுக்கலில் வந்தவர்களுக்கு இலங்கைப் பணத்தில் பத்தாயிரமோ இருபதாயிரமோ சும்மாவே கொடுத்தார்கள். திருப்பிக் கட்ட வேண்டாம். ஆண்கள் நடத்திய வியாபாரத்தில் லாபம் கூடியது. பெண்கள் நடத்தியதில் கூடவே இல்லை. உடனே என்ன பேச்சு வரும்? "பொம்பளைக்கு வியாபாரம் வராது."

பல வருஷம் கழித்து எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் முதலியவர்கள் அந்தக் கணக்கையும், இந்தியா, கானா நாட்டுக் கணக்குகளையும் மறுபடி விரித்துப் பார்த்தார்கள். இவர்களில் ரிகோல் ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளியில் இருப்பவர். பெண்ணின் கடையை மட்டும் பார்க்காமல், அந்த வீட்டில் வேறு யார் தொழில் செய்கிறார்கள் என்றும் பார்த்தார்கள். அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. புருஷனுக்கும் ஒரு தொழில் இருக்கிற வீட்டில், பெண்ணுக்குக் கொடுத்த காசு புருஷன் தொழிலுக்குப் போயிருக்கிறது. வீட்டில் அவள் ஒருத்திதான் தொழில் செய்கிறாள் என்றால், ஆணுக்கு எவ்வளவு லாபமோ அவளுக்கும் அவ்வளவு லாபம். 2019-ல் இது வெளியானது. அவளுக்குத் திறமை இல்லாமல் இல்லை. காசு அவளிடம் தங்கவில்லை.

இந்த ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. நம்ம தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கடன் நோக்கம் என்ற இடத்தில் கறவை மாடு, கறவை மாடு, பெட்டிக்கடை, கறவை மாடு. அத்தனை மாடும் உண்மையில் இருந்தால் ஆரணியாற்றில் தண்ணிக்குப் பதிலாகப் பால்தான் ஓடும். (சிரிப்பு) உண்மையில் அது ஷேர் ஆட்டோவுக்கு முன்பணம், மகனுக்கு ஐ.டி.ஐ. ஃபீஸ், அடகில் இருந்த தாலிச் செயின், வேறு கம்பெனிக் கடனின் தவணை. நாங்கள் இதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. குடும்பம் என்றால் காசு ஒரு சட்டியில் இருந்து இன்னொரு சட்டிக்குப் போகத்தான் செய்யும். ஆட்டோ ஓடினால் வீடும்தான் சாப்பிடுது. ஆனால் தவணை நாளில் கூட்டத்தில் தலை குனிந்து நிற்பது யார்? பெண். ஆட்டோ யார் பேரில் இருக்கு? அதையும் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். காசு புருஷன் தொழிலுக்குப் போகட்டும். அது வீட்டுக்குள் ஒரு கடன் என்று ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டு போகட்டும். "வாரம் இவ்வளவு ஆட்டோ வருமானத்தில் இருந்து என் கையில் தரணும்" என்று பேசி வைத்துவிட்டுப் போகட்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு குழுவில் ஒரு சகோதரி புருஷனிடம் கையெழுத்தே வாங்கி வைத்திருக்கிறார். முதல் வாரம் அவர் சிரித்தாராம். மூன்றாவது வாரத்தில் இருந்து கொடுக்கிறாராம்.

காசு பெண்ணின் சொந்தக் கணக்குக்கே வந்தால் என்ன ஆகும் என்றும் இதே பேராசிரியர்கள் பார்த்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலி, முன்பெல்லாம் புருஷன் கணக்கில்தான் விழும். குலுக்கலில் வந்த ஊர்களில் பெண்ணின் பேரிலேயே கணக்கு தொடங்கி, கூலியை நேராக அதில் போட்டு, அதை எப்படி எடுப்பது, எப்படிப் பார்ப்பது என்று பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் நூறு நாள் வேலைக்கு மட்டும் இல்லாமல் வெளி வேலைக்கும் அதிகமாகப் போனார்கள். குறிப்பாக, அதுவரை வேலைக்கே விடாத வீடுகளில். 2021-ல் வெளியான ஆய்வு இது. கவனிங்க, கணக்கு மட்டும் போதவில்லை, பயிற்சியும் சேர்ந்திருந்தது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் தொடங்கியபோது அதுவும் பெண்ணின் கணக்குக்கே வந்தது. ஆனால் நம்மில் எத்தனை பேருடைய ஏ.டி.எம். கார்டு நம்ம பர்ஸில் இருக்கு? ஸ்ரீசிட்டிக்கும் சிப்காட்டுக்கும் போகிற பிள்ளைகளின் கார்டு யார் சட்டைப்பையில் இருக்கு? கை தூக்கச் சொல்லவில்லை. வீட்டில் போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒரு ஆய்வு, நம்ம கூட்டமைப்பு இன்றைக்கே முடிவு எடுக்கக்கூடிய விஷயம். கொல்கத்தாவில் சிறுகடன் வாங்கின பெண்களில் பாதிப் பேருக்கு வாரத் தவணை, பாதிப் பேருக்கு மாதத் தவணை என்று குலுக்கிப் போட்டார்கள். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணி "தவணையை நினைத்துக் கவலையாக இருக்கா" என்று கேட்டார்கள். மாதத் தவணைக்காரர்கள் கவலை என்று சொன்னது 51 சதவீதம் குறைவு. இன்னொரு ஆய்வில், முதல் தவணையை ரெண்டு வாரத்தில் கேட்பதற்குப் பதிலாக ரெண்டு மாசம் கழித்துக் கேட்டார்கள். பெண்கள் தைரியமாக அதிகம் முதலீடு போட்டார்கள், மூன்று வருஷம் கழித்து லாபமும் கூடியிருந்தது. ஆனால் கடன் கட்டாமல் நின்றவர்கள் எண்ணிக்கையும் கூடியது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த ஆட்களை நமக்குப் பிடிக்கிறது.

நம்மிடம் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், மல்லிப்பூ வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கம்பெனிச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். சூளைக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. பூவுக்கு முகூர்த்த மாசத்தில்தான் காசு. கம்பெனிச் சம்பளம் ஏழாம் தேதிக்கு மேல். எல்லாருக்கும் ஒன்றாம் தேதி தவணை என்று வைத்தால் பாதிப் பேர் தண்டல் வாங்கித்தான் குழுக்கடன் கட்டுவார்கள். வங்கிக் கடனின் தவணை நாளை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உள்கடனும் கூட்டமைப்புக் கடனும் நம் கையில்தான் இருக்கு. தவணை நாளைத் தொழிலுக்குத் தகுந்த மாதிரி மூன்றாகப் பிரிக்கலாம் என்று நாங்கள் முன்வைக்கிறோம். முதல் தவணையைத் தள்ளிப்போடுவது பற்றி இன்னும் பேசணும். கட்டாமல் நிற்கிற ஆபத்தை மற்ற உறுப்பினர்கள்தான் சுமக்கணும் இல்லையா.

ஆய்வுக்காரர்கள் மறுபடி வருவார்கள். வந்தால் என்ன செய்வது? முதலில் எந்த நிறுவனம், யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள், அடையாள அட்டையைப் பாருங்கள். உண்மையான பல்கலைக்கழக ஆய்வு என்றால் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே உங்கள் சம்மதத்தைக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பாதியில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிடிக்காத கேள்விக்கு "அடுத்ததைக் கேளும்மா" என்று சொல்லலாம். அதனால் உங்கள் ரேஷன் கார்டும் போகாது, குழுக்கடனும் நிற்காது. ஓ.டி.பி. நம்பர் கேட்டாலோ, வெற்றுத் தாளில் கைநாட்டு கேட்டாலோ, கடன் தருகிறோம் என்று பேச்சை மாற்றினாலோ அது ஆய்வு இல்லை. உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.

சம்மதித்துப் பதில் சொன்னால் உள்ளதைச் சொல்லுங்கள். அவர்களிடமும் கறவை மாடு என்று சொன்னால், மாட்டுக்கடன்தான் தேவை என்று அறிக்கை போகும், நமக்குப் பள்ளி ஃபீஸுக்குக் கடன் கிடைக்காது. அதே மாதிரி நமக்கும் அவர்கள் மேல் ஒரு வருத்தம் உண்டு. ரெண்டு மணி நேரம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள், என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொல்வது ரொம்பக் குறைவு. இனிமேல் கேள்வி ஆரம்பிக்கும்போதே "முடிவைத் தமிழில் எங்கள் கூட்டத்தில் வந்து சொல்வீங்களா" என்று கேளுங்கள். ஸ்ரீசிட்டி இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

(பேச்சு முடிந்ததும் ஒரு ஊக்குநர், "நோட்டுல உண்மையான நோக்கத்தை எழுதினா பேங்க்ல கடன் தர மாட்டாங்களே மேடம்?" என்று கேட்டார். அதற்குச் சொன்ன பதில்:)

வங்கிக் கடனுக்கு வங்கியின் விதிப்படிதான் எழுதணும், அதில் மாற்றிச் சொல்லுங்கள் என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். உள்கடனுக்கு அந்தப் பயம் வேண்டாம். அது நம்ம காசு. ஃபீஸுக்கும் வைத்தியத்துக்கும் உள்கடன் கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. அதனால் அடுத்த மாசத்தில் இருந்து உள்கடன் நோட்டில் ரெண்டு கட்டம் கூடுதலாகப் போடுவோம். ஒன்று, காசு எதற்குப் போச்சு. ரெண்டு, இப்போது யார் கையில் இருந்து தவணை வருது. ஆறு மாசம் எழுதிவிட்டு நாமே கூட்டிப் பார்ப்போம். பழைய நோட்டில் இடம் இல்லாத குழுக்களுக்குக் கூட்டமைப்பு செலவில் புது நோட்டு வாங்கியிருக்கிறோம். கோடு போடத் தெரியாதவர்கள் சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வாங்க, ஸ்கேலும் பேனாவும் இருக்கும்.